பையில் இருந்த சிடி

கடை வாசலில் ரம்யாஸ்ரீ வந்து நின்றபோது ஆல்பின் ஒரு சிபியூவைக் கவிழ்த்துப் போட்டு, பெயிண்ட் பிரஷால் உள்ளே தூசி தட்டிக்கொண்டிருந்தான். அவனியாபுரத்து ரைஸ்மில் ஒன்றிலிருந்து வந்த மெஷின். தவிடு விசிறிக்குள் புகுந்து களிம்பாக அடைந்திருந்தது. மேசையில் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்காமலே, "பிரின்ட் அவுட்னா பக்கத்துக் கடை," என்றான். பக்கத்துக் கடை சோணையுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ரப்பர் ஸ்டாம்ப். இரண்டு கடைக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்புதான். பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ் திரும்பும் சத்தம் இரண்டு கடையிலும் ஒன்றுபோலக் கேட்கும்.

"இல்லண்ணே. நான் ரம்யாஸ்ரீ. ஐரின் அக்கா ஆபீஸ்."

பிரஷை வைத்துவிட்டுப் பார்த்தான். மனைவி ஐரினின் அடக்கத்தன்று ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் தூக்கிக்கொண்டு நின்றவள் இவள்தான். அவனுக்கு அன்றைக்கு நடந்ததில் இப்படிச் சில்லறையாக நாலைந்து விஷயங்கள் மட்டும் துல்லியமாக நினைவிருந்தன. மற்றது எதுவும் இல்லை.

"உக்காருங்க," என்று ஸ்டூலைக் காட்டினான்.

அவள் உட்காரவில்லை. "ஒண்ணாந் தேதியோட ஆபீஸ மூடுறாங்கண்ணே. எல்லாரும் வீட்ல இருந்தே அடிச்சு அனுப்பணுமாம். சொந்தமா சிஸ்டம் வச்சிருக்கவங்களுக்கு மட்டுந்தான் வேலை. அக்காவோட லேப்டாப் சும்மா இருந்துச்சுன்னா..."

அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்தப் பதிவு ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு வரும். ஹெட்போனில் கேட்டு வார்த்தை பிசகாமல் டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐரின் நான்கு வருடம் செய்த வேலை அது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்தாள்.

"அது ஓடாது," என்றான் ஆல்பின். "பூட் ஆகுறப்பவே ஃப்ரீஸ் ஆயிரும். சவுண்டு டிரைவர் பிரச்சனை."

"சவுண்டு இல்லாம இந்த வேலையே இல்லியேண்ணே."

"ஃபார்மேட் பண்ணிப் புதுசா எல்லாம் போட்டுத் தாரேன். அது ஓடும்."

அவன் வாயில் அந்தச் சொல் தானாக வரும். வைரஸா, ஃபார்மேட். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மேட். ரம்யாஸ்ரீ பதறிவிட்டாள். "ஐயோ, அது மட்டும் பண்ணீறாதீங்கண்ணே. அக்காவோட ஷார்ட் ஃபார்ம் பூராம் அதுக்குள்ள இருக்கு."

அப்போதுதான் அவனுக்கு அது தெரிந்தது. அந்த வேலையில் யாரும் முழு வார்த்தையாக டைப் அடிப்பதில்லை. அடிக்கடி வரும் வரிகளுக்கு இரண்டு எழுத்து, மூன்று எழுத்து என்று சுருக்கம் வைத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த எழுத்தைத் தட்டினால் முழு வரியும் வந்து விழும். ஒவ்வொருத்தியும் தன் கைக்குத் தோதாகத் தானே சேர்த்துக்கொள்வது. ஐரினிடம் நாலாயிரம் இருந்தது. ஆபீஸில் யாரிடமும் அவ்வளவு இல்லை.

"எனக்கு ஒரு நாளைக்கு அறுநூறு வரி தாண்ட மாட்டேங்குது. எண்ணூறு காட்டலேன்னா வீட்ல வச்சுச் செய்யவும் விடமாட்டாங்க. அக்கா தாரேன்னு சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டாள்.

பிளைவுட் தடுப்புக்கு மேலே சோணையின் தலை எழுந்தது. "தங்கச்சி, இவன்கிட்ட தலைவலின்னு போனாக்கூட ஃபார்மேட்தான் பண்ணுவான். பொருளக் கையில குடுத்துட்டு இங்கயே நின்னு பாத்துக்க."

"போடா," என்றான் ஆல்பின். பிறகு அவளிடம், "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க," என்றான்.

லேப்டாப் வில்லாபுரத்து வீட்டில், பீரோவுக்கு மேலே, அதன் கறுப்புப் பைக்குள்ளேயே இருந்தது. ஐரினின் துணிகளை அவள் அம்மா விக்டோரியா வந்து பிரித்து எடுத்துப்போனபோது, "இது?" என்று பையைக் காட்டிக் கேட்டார். "ரிப்பேரு, கெடக்கட்டும்," என்று சொன்னதோடு சரி. எட்டு மாதத்துத் தூசி. ஆல்பின் நாற்காலி போட்டு ஏறி இறக்கினான். ஈரத்துணியால் பையைத் துடைத்தான். திறக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் காலையில் ஹெட்போனில் கரகரவென்று வருகிறது என்று ஐரின் சொன்னாள். டாக்டர் மருந்தின் அளவைச் சொல்கிற இடத்தில் கரகர என்றால் என்ன செய்வது, பதினைந்தா ஐம்பதா என்று எப்படித் தெரியும் என்றாள். அவன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டான். கடைக்காரர்கள் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும். சவுண்டு, திரை என்று ஒவ்வொரு கருவியையும் இயக்கும் சின்னப் புரோகிராம்தான் டிரைவர்; எந்தக் கம்பெனி மெஷினுக்கும் உள்ள டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி வைத்தது. அதன் மேல் மார்க்கரால் 'ஆல் டிரைவர்' என்று அவனே எழுதியிருந்தான். "லேப்டாப் கூடக் குடுத்த சிடி பையிலேயே இருக்கே, அதப் போடலாம்ல?" என்று ஐரின் கேட்டாள். "எல்லாம் ஒண்ணுதான்," என்றான். போட்டு முடித்து மறுபடி ஆன் செய்தபோது, திரையில் நீலக் கோடு இடமிருந்து வலமாக இரண்டு முறை ஓடியது, மூன்றாவது முறை பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். அந்த நேரம் பிரவுசிங் சென்டரிலிருந்து போன். பன்னிரண்டு மெஷினும் படுத்துவிட்டது என்றார்கள். "கொஞ்சம் பெரிய வேலை. ஞாயித்துக்கெழம பாப்போம்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

முதல் ஞாயிறு பிரவுசிங் சென்டரிலேயே போனது. இரண்டாவது ஞாயிறு எழுமலையில் அவள் சித்தி மகனுக்குக் கல்யாணம். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து வந்து, கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கிவிட்டான். அதுவரை ஐரின் தினமும் பைபாஸ் ரோட்டில் இருந்த ஆபீஸுக்குப் போய் அங்குள்ள மெஷினில் அடித்தாள். ஆபீஸ் மாடியில். பின்னால் ஒரு காலி மனை. மழைத் தண்ணீர் தேங்கி, டீக்கடைக் கப்புகள் மிதந்துகொண்டிருக்கும். அவளைக் கூப்பிடப் போகும்போதெல்லாம் வண்டியை அதன் ஓரத்தில்தான் நிறுத்துவான்.

நான்காவது ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை இறந்துபோனாள். டெங்கு என்றார்கள். எங்கே கடித்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டான். "அதச் சொல்ல முடியாதுங்க. உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியாக்கூட இருக்கலாம்," என்றார் அவர். மறுவாரம் மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்த்தான். மூடி இறுக்கமாக இருந்தது. அதைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு இறங்கினான். லேப்டாப் ஓடியிருந்தால் அவள் அந்த ஆபீஸுக்கே போயிருக்க மாட்டாள் என்பதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்பார்கள்.

மறுநாள் பத்தே காலுக்கு ரம்யாஸ்ரீ வந்தாள். கையில் டிபன் பை. காதோரம் வரை கனகாம்பரம். இந்த முறை சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரைஸ்மில்காரருக்கு மெஷினைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆல்பின் கறுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

சார்ஜரைச் செருகி ஆன் செய்தான். நீலக் கோடு ஒரு முறை ஓடியது. இரண்டாவது முறை ஓடியது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. உள்ளே விசிறி மட்டும் சுற்றியது. எட்டு மாதத்துக்கு முன்னால் நின்ற அதே இடம்.

"இதான்," என்றான்.

"பாவம், எந்திரிக்கப் பாக்குது," என்றாள் ரம்யாஸ்ரீ.

சோணை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே குரல் கொடுத்தான். "மாப்ள, நின்னு நெதானிச்சுக்கிட்டு இருக்காத. மொத்தமா அழிச்சுப் போட்டுக் குடுத்துட்டு அடுத்த வேலையப் பாரு."

அவன் கை ஏற்கெனவே ஃபார்மேட் செய்யும் சிடியை உள்ளே தள்ளியிருந்தது. பழக்கம். மறுபடி ஆன் செய்ததும் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் தொடரவா என்று கேட்டது. ஒரு விசை. அதைத் தட்டினால் அரை மணி நேரத்தில் லேப்டாப் கடையிலிருந்து வாங்கி வந்த நாள்போல ஆகிவிடும். அக்டோபரில் எந்தச் சிடியிலிருந்து எது உள்ளே போனது என்பதற்குத் தடயமே இருக்காது. ஹார்ட் டிஸ்க் போயிருந்தது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று இந்தப் பெண்ணிடம் சொன்னால் நம்பிவிடுவாள். இந்த ஊரில் அப்படிச் சொல்லாத கடைக்காரன் இல்லை. விரலை விசையின் மேல் வைத்தபடி இருந்தான்.

"என்னண்ணே நீலமா வருது? எதும் அழியுதா?"

"இல்ல," என்று சிடியை வெளியே எடுத்தான். "வேற வழியா போவோம்."

அணைத்து ஆன் செய்து எஃப்-எட்டு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். சேஃப் மோட் வந்தது. அத்தியாவசியமானதை மட்டும் எழுப்பி, சத்தம், வலைத்தொடர்பு என்று மற்றதையெல்லாம் தூங்கவிட்டுவிடும் வழி அது. திரை கறுப்பாக, எழுத்து பெரிதாக, கோணல்மாணலாகத் திறந்தது. எந்தெந்தக் கருவிக்கு எந்த டிரைவர் என்ற பட்டியலுக்குள் போனான். சவுண்டுக்கு நேரே மஞ்சள் ஆச்சரியக்குறி. அதைத் திறந்தால் டிரைவரின் பெயரும் தேதியும் இருந்தன. இந்த மாடலுக்கு உள்ளது இல்லை. மாடல் எண்ணில் கடைசி இலக்கம் வேறு. அவனுடைய 'ஆல் டிரைவர்' சிடியில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். ஒரு வரி தள்ளிச் சொடுக்கியிருக்கிறான்.

சவுண்டை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தான். கோடு மூன்றாவது முறை முழுதாக ஓடியது. நான்காவது. ஐந்தாவது. திரை திறந்தது. ஏதோ ஒரு படம் வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். கல்யாணப் படமோ, கொடைக்கானலில் எடுத்ததோ. அதெல்லாம் இல்லை. வாங்கும்போது இருந்த பச்சைப் புல்மேடுதான். அவள் மாற்றவே இல்லை.

"வந்துருச்சு!" என்று ரம்யாஸ்ரீ கையைத் தட்டினாள்.

"சவுண்டு இன்னும் வரல. பழசத் தூக்கிட்டுச் சரியானதப் போடணும்."

பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தான். சிடி அங்கேயே இருந்தது. கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தான். சிடி உள்ளே சுழலும் சத்தம் கேட்டது. சோணை டீ வாங்கி வந்து ஆளுக்கொன்று நீட்டினான். திரையில் ஒரு பெட்டி வந்து எதையோ கேட்டது. 'அடுத்து' என்பதை அழுத்தினான்.

ரம்யாஸ்ரீயின் போன் அடித்தது. அவள் அம்மா போலிருக்கிறது. அவள் தங்கள் வீட்டுப் பாஷையில் படபடவென்று பேசினாள். சவுராஷ்டிரம். ஆல்பினுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஊரில் பாதிக் கடைகளில் காதில் விழுவதுதான், ஆனால் கேட்டுக்கொண்டதில்லை. போனை வைக்கும் முன் அவள் ஒரு வரி சொன்னாள். கடைசிச் சொல்லை இழுத்து, லேசாகச் சலித்து. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அந்த வரியை அவன் கேட்டிருக்கிறான். எழுமலைக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ஆரன் அடித்தபோது, ஐரின் உள்ளேயிருந்து இதைத்தான், இதே இழுப்போடு கத்தினாள். கத்திவிட்டுத் தானே சிரித்தாள். என்னது என்று அவன் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது என்றுதான் சொன்னான்.

"இப்பக் கடைசியா என்ன சொன்னீங்க?"

"அதுவா? செத்த பொறும்மா, இந்தா வாரேன்னு சொன்னேண்ணே."

"ஐரின் இதச் சொல்லுவா."

"நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்!" ரம்யாஸ்ரீயின் முகம் மலர்ந்தது. "அந்த மூணு வாரம் அக்கா ஆபீஸ் வந்தாங்கள்ல, அப்ப. மத்தியானம் எங்க டப்பாவத்தான் முதல்ல தெறப்பாங்க. எங்க பாஷையில வைய்யக்கூடக் கத்துக்கிட்டாங்க. வீட்ல ஹெட்போன மாட்டிட்டு ஒக்காந்தா சாயந்தரம் வரைக்கும் ஒரு மனுச மூஞ்சி கெடையாதுடி, டாக்டர் இருமுறதையும் தும்முறதையும் கேட்டுக்கிட்டே கெடக்கணும்பாங்க. லேப்டாப் சரியாயிருச்சாக்கான்னு நான் கேட்டா, 'அவரு மெதுவாப் பாக்கட்டும், நீ வேற ஞாபகப்படுத்தி விட்றாத'ம்பாங்க."

பெட்டி இன்னொரு முறை கேட்டது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு 'அடுத்து' என்பதை அழுத்தினான்.

"அங்க கொசு நெறையா இருந்துச்சா?"

"ஆபீஸ்லயா? மதுரையில எங்கண்ணே கொசு இல்ல? எங்க வீட்லயெல்லாம் ஆளையே தூக்கிட்டுப்..." சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிபன் பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டு, லேப்டாப்பைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷினும் நின்றிருந்தது. சோணை எதையோ அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தெரியலண்ணே," என்றாள் மெதுவாக. "நாங்க யாரும் கவனிக்கல."

அவன் தலையாட்டினான்.

முடிந்தது என்று பெட்டி சொன்னது. மறுபடி ஆன் செய்யச் சொன்னது. கோடு நிற்காமல் ஓடி, திரை வந்து, கூடவே திறப்பு இசை கணீரென்று வந்தது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது போல. மூன்று பேருமே ஒரு நொடி திடுக்கிட்டார்கள். "அடேயப்பா," என்றான் சோணை. ஆல்பின் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று ஆக இரண்டு நிமிடம். டீ குடித்த நேரமும் சேர்த்துப் பதினெட்டு நிமிட வேலை.

பைக்குள் ஹெட்போனும் கால் பெடலும் இருந்தன. பெடல் தையல் மெஷின் மோட்டாருக்கு இருப்பதுபோலச் சிறியது. அழுத்தினால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் நிற்பார், நிற்கும்போதே இரண்டு நொடி பின்னால் போய் நிற்பார், விட்ட இடம் பிடிபடுவதற்காக. இதெல்லாம் ரம்யாஸ்ரீ சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். ஃபோல்டரில் அனுப்பாமல் விட்ட ஒரு பதிவு கிடந்தது. ஹெட்போனை எடுத்து அவன் மாட்டினான். வளைவு ஐரின் வைத்த அளவிலேயே இருந்தது, அவன் தலைக்குப் போதவில்லை. காதுக்கு மேலேயே கவ்விக்கொண்டு நெற்றிப்பொட்டில் வலித்தது. இரண்டு பக்கமும் இழுத்துப் பெரிதாக்கலாம். அவன் இழுக்காமல், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தான்.

வயதான ஆள். மூக்கடைத்த குரல். அவசரமே இல்லாமல் யாரோ ஒரு அம்மாளின் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கதவு சாத்தும் சத்தம். ஒரு தாளைப் புரட்டினார். இருமினார். ஆல்பின் காலை எடுத்தான். மறுபடி மிதித்தான். அதே இருமல் திரும்ப வந்தது. காலை எடுத்தான். மிதித்தான். இருமினார்.

"ரெண்டு காதும் வருதாண்ணே?"

"வருது," என்று கழற்றிக் கொடுத்தான்.

ரம்யாஸ்ரீ தலையில் வைத்துப் பார்த்தாள். கனகாம்பரத்தில் இடித்தது. கழற்றி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். டக், டக் என்று இரண்டு படி விரிந்தது. ஆல்பினின் கை மேசைமேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. அங்கே கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு திரும்பியது.

ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்து, பெடலைக் காலுக்கடியில் தள்ளி, அவள் அடிக்கத் தொடங்கினாள். டாக்டர் இப்போது அவளுக்கு மட்டும் பேசினார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் அவர் பேச்சுக்கு ஏறி இறங்கியது. முதல் வரி தட்டுத்தடுமாறி வந்தது. எழுத்தைத் தேடி விரல் நின்றது. பிறகு மூன்று எழுத்தைத் தட்டினாள், அவ்வளவுதான், ஒரு முழு வரி வந்து உட்கார்ந்தது. நோயாளி தெளிவாக இருக்கிறார், இப்போதைக்கு எந்த அவதியும் இல்லை என்று இங்கிலீஷில். அவள் இரண்டு எழுத்தைத் தட்டினாள். இன்னொரு வரி.

"எம்புட்டு வேகமா வருது பாருங்கண்ணே!"

காதை அடைத்துக்கொண்டவர்கள் பேசுவதுபோலக் கத்திச் சொன்னாள். ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா," என்றான் ஆல்பின்.

அவளுக்குக் கேட்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தாள். பச்சைக் கோடு விழுந்து படுத்தது. மறுபடி மிதித்தாள். இரண்டு நொடி பின்னாலிருந்து அது ஏறத் தொடங்கியது.